உள்ளே போகாத சாட்சி

டிவியில் யாராவது ஒரு பெரிய மனிதரைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போவதைக் காட்டினால் வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பின்னால் சுவரோரமாக யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அங்கே இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது விடுவார்கள், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற முகத்தோடு நின்றிருப்பார்கள். அவர்களில் ஒருவனாக நான் இருந்திருக்கிறேன். அதனால் அடுத்த நாள் பேப்பரில் "இன்னார் வீட்டில் இன்னது சிக்கியது" என்று கொட்டை எழுத்தில் வந்தால், சிக்கிய பொருளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் தோன்றுவதில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்றுதான் கேட்கத் தோன்றும். என் மகன் இதைக் கேட்டால், "அப்பாவுக்கு எல்லாமே சந்தேகம்" என்று பாதித் தமிழிலும் மீதி இந்தியிலும் சொல்லிவிட்டுச் சேனலை மாற்றுவான்.

இந்தப் பக்கத்தில் போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டால், வெளி ஆட்கள் இரண்டு பேர் கூடவே இருந்து பார்க்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று ஹவால்தார் மராட்டியில் எழுதுவார். அந்தக் காகிதம் பஞ்சநாமா. "எங்கள் கண் முன்னால் நடந்தது, படித்துப் பார்த்தோம், சரி" என்று அதன் அடியில் கையெழுத்துப் போடும் இருவர் பஞ்ச். அவ்வளவுதான் சட்டம். மிச்சமெல்லாம் பழக்கம்.

பூனாவில் ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தேன். எந்த ஆபீஸ், நான் குடியிருந்த வஸ்தி எது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நான் சொல்லப் போகிற ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் பெயரை ஒருமுறை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, அது போதும். அவ்வப்போது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு கடிதம் வரும், பஞ்ச் வேலைக்கு ஆள் அனுப்பச் சொல்லி. சர்க்கார் ஊழியன் சாட்சி என்றால் கோர்ட்டில் மதிப்பு அதிகமாம். கடிதம் வந்ததும் சூப்பரின்டென்டெண்ட் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்ப்பார். மராட்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு ஒரு கையெழுத்து, பத்து வருஷம் கழித்து கோர்ட்டில் கூண்டு என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அரை நாள் வேலை கிடையாது, ஸ்டேஷனில் வடாபாவும் டீயும் உண்டு என்பதுதான்.

நாலைந்து முறை போயிருப்பேன். கள்ளச் சாராயம், சைக்கிள் திருட்டு, ஒரு தடவை பக்கத்துச் சுவர் இடிந்து செத்த எருமை. எழுதி முடித்ததும் ஹவால்தார் காகிதத்தை என் பக்கம் திருப்பி, "வாச்லம் கா?" என்பார், படித்தாயா என்று. நான் "ஹோ" என்பேன். படித்ததே இல்லை. இந்தி எழுத்து தெரியும். மராட்டி பேப்பரை அச்சில் இருந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். போலீஸ்காரர் கையெழுத்தோ மழையில் மண்புழு ஊர்ந்த தரை மாதிரி ஓடும். இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் படிக்கத் தெரியவில்லை என்று ஒரு ஹவால்தாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. பஸ் போர்டு தொடங்கி பாங்க் படிவம் வரை தலையை ஆட்டியே காலத்தை ஓட்டினவர்கள் நாங்கள். தெரியாது என்று சொல்வதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபம்.

எங்கள் வஸ்தியில் பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள். வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, கோர்படியிலும் ஏரவாடாவிலும் தேஹு ரோட்டிலும் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குடியேறியவர்கள். அவர்களில் ஒருவர்தான் நான் சொல்ல வந்தவர். ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து, கம்பெனியை மூடிய பிறகு சைக்கிள் கடை வைத்தவர். கடையில் பஞ்சர் ஒட்டிய நேரத்தைவிட அடுத்தவர் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நடந்த நேரம்தான் அதிகம். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரியில் கட்டில், எதுவானாலும் "தலைவரக் கேளு" என்பார்கள். எனக்கு காஸ் சிலிண்டர் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு முறை வார்டு எலெக்‌ஷனில் நின்று ஜெயித்தார். ஜெயித்த பிறகும் அதே சைக்கிள் கடை, அதே எண்ணெய்க் கை.

அவர் ஐந்து வருஷத்தில் செய்த ஒரே பெரிய காரியம் குழாய். அதுவரைக்கும் எங்களுக்கு டேங்கர் லாரித் தண்ணீர்தான். குழாய் வந்ததும் டேங்கர் நின்றது. டேங்கர் ஓட்டிப் பிழைத்தவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் சும்மா இருப்பார்களா? அடுத்த எலெக்‌ஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. யார் சொல்லி யார் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் நானும் ஒரு பஞ்சநாமா எழுதியவன் ஆகிவிடுவேன். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பார்த்ததைவிடப் பார்க்காததுதான் அதிகம், கோளாறே அதுதானே.

அன்றைக்கு ஜீப்பின் பின்சீட்டில் நானும் இன்னொரு பஞ்சும் ஏறினோம். அவர் ஸ்டேஷன் எதிரில் பான் டப்பரி, அதாவது வெற்றிலைப் பெட்டிக்கடை வைத்திருந்த வடநாட்டுக்காரர். ஸ்டேஷனுக்கு நிரந்தர பஞ்ச் என்றே சொல்லலாம், வெற்றிலை மடிக்கிற வேகத்தில் கையெழுத்துப் போடுவார். காலடியில் கட்டிய கோணி மூட்டை ஒன்று கிடந்தது. கால் வைக்க இடமில்லை. என்ன இது என்று கான்ஸ்டபிளைக் கேட்டேன். "காஹி நாஹி, பாய் டேவா" என்றான், ஒன்றுமில்லை, மேலேயே காலை வை என்று. வைத்துக்கொண்டேன். உள்ளே ஏதோ சுருள் சுருளாக, கெட்டியாக இருந்தது.

எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று பஞ்சிடம் சொல்வதில்லை. ஜீப் எங்கள் வஸ்திப் பக்கம் திரும்பியபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. தலைவர் வீட்டுச் சந்து முனையில் நின்றது. போலீஸோடு நான் அவர் வீட்டுக்குள் நுழைவதா? அவர் மனைவி என்னைப் பார்த்தால்? நான் இன்ஸ்பெக்டரிடம், "சாஹேப், எனக்குத் தலை சுற்றுகிறது, இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "பசா" என்றார், உட்காருங்கள் என்று, மரியாதையாக.

உட்கார்ந்தேன். முதுகைச் சந்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த காரியம் அது. தமிழன் நான் ஒருவன் அவர்கள் கூடவே உள்ளே போய், கண்ணைத் திறந்துகொண்டு நடுவீட்டில் நின்றிருந்தால், அந்தக் கோணி மூட்டை அவர் வீட்டுப் பரண்மேல் ஏறியிருக்குமா? ஏறியிருக்கலாம். ஆனால் என் எதிரில் ஏற்ற யோசித்திருப்பார்கள். அதற்காகத்தானே சட்டம் இரண்டு பேரைக் கூட அனுப்புகிறது. அந்த இரண்டு பேரில் ஒருவன் கண்ணியம் பார்த்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து ஹவால்தார் வந்து காகிதத்தை டீக்கடை பெஞ்சில் வைத்தார். டப்பரிக்காரர் ஏற்கெனவே போட்டிருந்தார். "வாச்லம் கா?" என்றார். நான் "ஹோ" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, சந்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் ஆபீஸில் மராட்டி பேப்பர் என் மேஜைக்கு வந்தது. அச்சில் இருந்ததால் படித்துவிட்டேன். வார்டு மெம்பர் வீட்டுப் பரணில் சர்க்கார் கிடங்கிலிருந்து திருடுபோன செம்புக் கம்பி. படத்தில் தலைவர் பனியனோடு நின்றார், முன்னால் பிரித்து வைத்த கோணி. என் செருப்புத் தடம் அதில் தெரிகிறதா என்று பார்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே பேப்பரைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன்.

நான்கு நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அதற்குள் ரிக்‌ஷாவில் மைக் கட்டி "தாம்பாவாலா" என்று கத்திக்கொண்டு போனார்கள். தாம்பா என்றால் செம்பு. கூட்டம் போட்டு யாரும் அவரைத் திட்டவில்லை, அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அடுத்தவன் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை. எலெக்‌ஷனில் தோற்றார். கொஞ்ச நஞ்சத் தோல்வி இல்லை. எங்கள் சந்துகளிலேயே அவருக்கு ஓட்டு விழவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். பயந்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்த சர்க்கார் ஊழியன் நான். யாருக்கோ நடந்த மாதிரி ஆபீஸில் விசாரித்தேன், வேலை போகும் என்றார்கள், ஜெயிலுக்கும் போகலாம் என்றார்கள். ஒரு நாள் துணிந்து ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம், நான் உள்ளே போகவில்லையே என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று மட்டும் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கேஸ் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. எனக்கு சம்மன் வரும், லீவு போட்டுப் போவேன். ஜட்ஜ் லீவு, வக்கீல் வரவில்லை, ஃபைல் கிடைக்கவில்லை, அடுத்த தாரிக். தாரிக் என்றால் வாய்தா. டப்பரிக்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. மிஞ்சிய ஒரே பஞ்ச் நான். என் வார்த்தையில்தான் தலைவர் உள்ளே போவதும் வெளியே நிற்பதும் இருக்கிறது என்று கோர்ட் வராந்தாவில் டீ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

அந்த வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. முதல் தாரிக்கில் அவர் ஒரு முனையில், நான் மறு முனையில். மூன்றாவது தாரிக்கில் அவர் டிபன் டப்பாவைத் திறந்து மூடியில் எலுமிச்சை சாதம் வைத்து என் பக்கம் நகர்த்தினார். நான் கை வைக்கவில்லை.

"அண்ணா, நான் அன்னிக்கு உள்ள வரவே இல்ல" என்றேன்.

"தெரியும்பா. உள்ள நான்தான இருந்தேன்" என்றார்.

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இன்னா சொல்லுவ? புள்ளகுட்டிக்காரன். துன்னு, ஆறிடப்போவுது."

அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். திட்டினவனிடம் பதிலுக்குக் கோபப்படலாம், கோபத்தில் எல்லாம் மறந்துபோகும். அவர் அந்த வசதியை எனக்குக் கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு தாரிக்கிலும் ஒன்றாகவே போனோம், ஒன்றாகவே திரும்பினோம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினோம். குற்றவாளியும் சாட்சியும் ஒரே சீட்டில்.

அந்தப் பயணங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "கோர்ட்டு இன்னா சொன்னாலும் சரிப்பா. ஜெயில்னா ஜெயிலு. நம்ம ஜனங்க நம்பிட்டாங்களே, அதான். பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க. பேப்பர்ல போட்டா நம்பத்தான செய்வாங்க. படிக்காத ஜனம்." கடைக்கு யாராவது பஞ்சர் ஒட்ட வந்து முகம் கொடுத்துப் பேசாமல் போனாலும் இதையே சொல்வார். கோயில் கமிட்டியில் அவரை மெல்ல ஒதுக்கினார்கள். மனு எழுத யாரும் வருவதில்லை. "ஏமாத்திட்டானுங்க அவங்கள. ஒரு நாள் தெரியும்" என்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் இருந்தார். ஜெயிலைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் போன பிறகு, ஒருவழியாக என் சாட்சி எடுக்கப்படும் தாரிக் வந்தது. முந்தின வாரம் வீட்டில் சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொன்னா வேலை போயிடுமா?" என்றாள்.

"போகலாம்."

"குழாயடிக்குப் போனா தலைவர் வீட்டம்மா எனக்கு வழி விட்டு, நீ முதல்ல புடிச்சுக்கோன்னு சொல்றாங்க. எத்தனை வருஷமா. அவங்க திட்டித் தொலைச்சாத் தேவலைங்க. போனாப் போகட்டும், போய்ச் சொல்லிட்டு வாங்க."

சர்க்கார் வக்கீல் காலையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பஞ்சநாமாவில் உள்ளபடியே சொல்ல வேண்டும் என்றார். தலையை ஆட்டினேன், பழக்க தோஷம். கூண்டில் ஏறிய பிறகு அவர், "செம்புக் கம்பி பரணில் இருந்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை. நான் வீட்டுக்குள் போகவில்லை. மூட்டை ஜீப்பில் என் காலடியில் இருந்தது" என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் சொன்னேன். இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம். சொல்லி முடிக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

வக்கீல் நான் பிதூர் ஆகிவிட்டதாக அறிவித்தார். பிதூர் என்றால் எதிராளி பக்கம் சாய்ந்துவிட்ட சாட்சி, துரோகி என்றும் அர்த்தம். பஞ்சநாமாவை என் கையில் கொடுத்து, படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள், இப்போது சத்தமாகப் படியுங்கள் என்றார். முதல் வரியில் ஸ்டேஷன் பெயரைப் படித்தேன். இரண்டாவது வரியில் என் பெயரைப் படித்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"படிக்கத் தெரியாதா?"

"இந்தக் கையெழுத்து தெரியாது, சாஹேப்."

"பிறகு படித்தேன் என்று ஏன் எழுதிக் கொடுத்தீர்கள்?"

"தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

கோர்ட்டில் சிரித்தார்கள். ஜட்ஜும் லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். தலைவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக வெட்கப்பட்டார் போல.

சில மாதம் கழித்து அவரை விடுவித்தார்கள். எனக்கு ஆபீஸில் மெமோ வந்தது, விசாரணை நடந்தது, பிரமோஷன் போயிற்று. வேலை போகவில்லை. இத்தனை வருஷம் நான் பயந்த பயத்துக்கு இது ஒன்றுமே இல்லை. பயத்தை விற்கிறவர்கள் எப்போதும் எடையைக் கூட்டித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

விடுதலையான செய்தியைப் போடச் சொல்லி நாங்கள் இருவரும் பேப்பர்காரர் ஒருவரைத் தேடிப் போனோம். அன்றைக்குக் கைதுச் செய்தி எழுதியவர் இல்லை, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இவர் நல்ல மனுஷன், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தீர்ப்புக் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "காகா, பிடிபட்டால் செய்தி. விட்டுவிட்டால் அதில் என்ன செய்தி?" என்றார் இந்தியில். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எங்களிடம் பதில் கேட்கிற மாதிரிதான் கேட்டார். தீர்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தோம்.

பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னார். "பேப்பர் வேணாம். நம்ம ஜனங்களுக்குத்தான தெரியணும். ஆடி மாசம் கூழ் ஊத்துறாங்க இல்ல, அன்னிக்கு எல்லாரும் வருவாங்க. கோர்ட்ல சொன்னத கோயில்ல சொல்லுப்பா. தமிழ்ல சொல்லு." ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் வஸ்தி மாரியம்மன் கோயில் தகரக் கூரை போட்டது. ஆடி ஞாயிற்றுக்கிழமை ஏரவாடாவிலிருந்தும் தேஹு ரோட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. மத்தியானம் கூழ் ஊற்றத் தொடங்கும் முன் கமிட்டிக்காரர்களிடம் கேட்டு மைக் வாங்கினேன். தலைவர் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சொம்போடு வரிசையில் நின்றிருந்தார். வேண்டுமென்றே வரிசையில் நின்றார், மேடைப் பக்கம் வரவில்லை.

சொன்னேன். மூட்டை, ஜீப், டீக்கடை, கையெழுத்து, எதையும் விடவில்லை. என் மேல் தப்பு என்றும் சொன்னேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். எதற்கென்று தெரியவில்லை, யாராவது அழுவார்கள், யாராவது என் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பின்னால் யாரோ "சரி சார், ஊத்தச் சொல்லுங்க, வெயிலு ஏறுது" என்றார்கள்.

அண்டாவின் பக்கத்தில் அகப்பையோடு நின்றது மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாள். தலைவருக்குத் தெரிந்த குடும்பம். அவளுடைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க அவர் ஒரு வாரம் நடந்திருக்கிறார். நான் மைக்கை வைத்துவிட்டு வந்தபோது அவர் முறை வந்திருந்தது. அவள் அவர் சொம்பில் கூழை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இதப் போயி மைக்ல சொல்லணுமா சார். அண்ணன் எடுத்திருக்க மாட்டாருன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்."

பக்கத்தில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். "ஆமாமா, யார்தான் நம்புனாங்க" என்றார் ஒருவர்.

தலைவர் சொம்பைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பவே தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியாம இன்னாண்ணா. உங்கள எங்களுக்குத் தெரியாதா."

"அப்ப ஓட்டு?"

அவளுக்குச் சங்கடமே இல்லை. கணக்கு தெரியாத பிள்ளைக்குக் கணக்கு சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "கேஸ் ஆயிடுச்சி இல்லண்ணா. கேஸ் இருக்கிற ஆளு எங்களுக்கோசரம் ஆபீஸ் ஆபீஸா போனா எவன் உள்ள வுடுவான்? நீங்க கோர்ட்டுக்கு நடப்பீங்களா, எங்க கார்டுக்கு நடப்பீங்களா? அதான், போட்டு இன்னா பிரயோஜனம்னு. தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. இந்தாங்க, கீரை வாங்கிக்கோங்க."

"சரிதாம்மா" என்றார் அவர்.

செம்புக் கம்பியைப் பரணில் வைத்தவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். யாரையும் நம்ப வைக்க அவர்கள் சிரமப்படவே இல்லை. ஒரு மனுஷனை உபயோகமில்லாதவனாக ஆக்கினால் போதும், மற்றதை அவன் ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது. எந்த முகத்தோடு கோபப்படுவது? டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் நான்.

கூழை அவர் அங்கே குடிக்கவில்லை. சொம்பை மூடாமல் கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். நானும் கூட நடந்தேன். வழியில் இரண்டு பேர் "வணக்கம் தலைவரே" என்றார்கள், ரொம்ப நாளைக்கு அப்புறம். அவரும் தலையசைத்தார். வாசல்படியில் நின்று, என்னைப் பார்க்காமல், சொம்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ கோர்ட்டோட நிறுத்தி இருக்கலாம்பா."

சொம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இத்தினி வருஷமா அவங்கள மன்னிச்சிக்கினே இருந்தேன். பாவம், ஏமாந்துட்டாங்கன்னு. தெனமும் காலைல எழுந்து மன்னிப்பேன், கடையத் தொறப்பேன். இப்ப அவங்க ஏமாறவே இல்லன்னா, நான் இனிமே இன்னாத்த மன்னிக்கிறது?"

பிறகு குனிந்து உள்ளே போனார். அவர் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்பது காதில் விழுந்தது. "ஒண்ணும் இல்ல, எல்லார்க்கும் தெரிஞ்சிடுச்சி" என்று அவர் சொன்னார்.